எனக்குப் பதிலாக நடந்தவள்

1

எனக்குப் பொறாமை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "இந்த ஆளுக்கு வயிற்றெரிச்சல்" என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கிவிட்டார் என்கிற பொறாமை இல்லை இது. அந்த ரகமெல்லாம் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷமே அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் மகள் திருச்சியில் எங்கள் அப்பா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள் என்கிற பொறாமை. இதற்கு இங்கே எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது.

இதை எழுத உட்கார வைத்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. இங்கிலாந்தில் திங்கட்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்று திருச்சி வெயிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எட்டு மணிக்கும் விடிந்த மாதிரி இருக்காது. குளிரும் மழையும் கரிப்புகையும் சேர்ந்து வாசலில் நிற்கும். நான் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் வசந்தி, எட்டு வயசு, ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். தினமும் "பை, டாடி" என்று கத்திவிட்டு ஓடுகிறவள், அன்றைக்கு நின்று திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள்.

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்னடி சொன்னே? இன்னொரு தரம் சொல்லு!"

"போயிட்டு வரேம்மா."

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"ஜில்," என்று சொல்லிவிட்டு வசந்தி மழையில் ஓடிவிட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து அவளுக்கு அ, ஆ எழுதிக் காட்டுகிறவன் நான். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன். மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். "போர் அடிக்குது டாடி" என்பதைக்கூட இங்கிலீஷில்தான் சொல்வாள். என்னிடம் வராத தமிழ் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணிடமிருந்து அவள் வாய்க்கு வந்திருக்கிறது.

அதுவும் எந்த வார்த்தை பாருங்கள். நான் வந்த புதிதில், தொழிற்சாலையில் சாயங்காலம் கிளம்பும்போது, நம் 'போயிட்டு வரேன்' என்பதையே இங்கிலீஷாக்கி ஃபோர்மனிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவர் பாவம், நான் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்து ஒரு நாள் ஆபீஸைப் பூட்டாமல் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. நான் விட்டதை ஜில் எடுத்துக்கொண்டாள்.

2

ஜில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் அப்பா பஸ் டிரைவர். அவளுக்கு இருபத்திரண்டு வயசு, நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தரை வழியாகவே இந்தியா போகப்போகிறேன் என்றாள். முதுகில் ஒரு கான்வாஸ் பை. ஒரு நாளைக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் செலவு செய்வதில்லை என்று சங்கல்பம். போகிற லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்வது, மாணவர் விடுதியில் படுப்பது, விடுதி இல்லாத ஊரில் ரயில்வே ஸ்டேஷனில் படுப்பது, ரொட்டியும் தக்காளியும் தின்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இங்கே பல பேர் இப்படிக் கிளம்புகிறார்கள். நம் ஊரில் ஒரு பெண் இப்படிக் கிளம்பினால் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜில்லின் அம்மா சாண்ட்விச் கட்டிக்கொடுத்து வழியனுப்பினாள்.

கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்கள் ஊர் வழியாகப் போனால் யாரைப் பார்க்கட்டும்?" என்று கேட்டாள். அப்பாவின் விலாசத்தைக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன். துருக்கியைத் தாண்டமாட்டாள், அழுதுகொண்டே திரும்பிவிடுவாள் என்று சரோஜாவிடம் பந்தயம்கூடக் கட்டினேன்.

நான் ஊர்ப்பக்கம் போய் ஒன்பது பத்து வருஷம் ஆகிறது. போகக்கூடாதென்று இல்லை. போவதென்றால் மூன்று பேருக்குக் கப்பல் டிக்கெட். டிக்கெட்டோடு முடிகிறதா? அத்தை மகனுக்குக் கைக்கடிகாரம், சித்தப்பாவுக்கு ஷேவிங் செட், சரோஜாவின் உறையூர்ச் சொந்தம் முழுவதுக்கும் நைலான் புடவை. சீமையிலிருந்து வருகிறவன் வெறுங்கையை வீசிக்கொண்டு திருச்சி ஜங்ஷனில் இறங்க முடியுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? அடுத்த வருஷம் ஆகட்டும், அடுத்த வருஷம் ஆகட்டும் என்றே போய்விட்டது.

3

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பாய்லர் பகுதியில் வேலை. சம்மட்டிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்கள் வெளியே வந்தாலும் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். அப்பா நேர்மாறு. கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், பேசமாட்டார், அவ்வளவுதான். வந்தால் "வா", போனால் "சரி". பரீட்சையில் பாஸ் என்று சொன்னால் தலையை ஆட்டுவார்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஒர்க்ஷாப் கேட் திறந்து சைக்கிள் சைக்கிளாகக் கொட்டும். என் வயசுப் பையன்கள் எல்லாம் கேட் ஓரம் நிற்பார்கள். அவரவர் அப்பா நிறுத்தி, பையனை முன் கம்பியில் ஏற்றிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு போவார். எங்கள் அப்பா இறங்கிவிடுவார். சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் வரை நடந்து வருவார். "கால் சக்கரத்துல மாட்டிக்கும்" என்பார். ஒரு நாள்கூட என்னை ஏற்றியதில்லை.

எனக்கு ஏழு வயசில் பெரியம்மை போட்டது. பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மா சமயபுரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்து ஆளானதும், மஞ்சள் துணி கட்டி, வீட்டு வாசலிலிருந்து உன் சந்நிதி வரை வெறுங்காலோடு நடக்கவைக்கிறேன் என்று. பிழைத்தேன். ஆளானேன். ஒரு வருஷம் பரீட்சை குறுக்கே வந்தது, ஒரு வருஷம் வேலைக்கு இன்டர்வியூ வந்தது, ஒரு வருஷம் அம்மாவே படுத்துவிட்டாள். அவள் இறந்த வருஷம் துக்கம், கோயிலுக்குப் போகக்கூடாது. அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம், உடனே கப்பல்.

அப்பா மாதம் ஒரு கடிதம் போடுவார், நாலு வரி. மழை பெய்தது, பெய்யவில்லை. ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எடமலைப்பட்டி புதூரில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனதுகூட ஒரு வரிதான். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: அம்மாவின் வேண்டுதல் பாக்கி இருக்கிறது. 'வா' என்று எழுத அவருக்கு வராது. அந்த வரிதான் அவருடைய 'வா'. அது வருகிற வரைக்கும் அவர் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், என் இடம் அங்கே பத்திரமாக இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் நான் வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன்.

போன சித்திரைக்குப் பிறகு வந்த கடிதங்களில் அந்த வரி இல்லை. தாளில் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஜில் துருக்கியைத் தாண்டினாள். பாரசீகத்தைத் தாண்டினாள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, வெயிலில் கறுத்து, திரும்பியும் வந்துவிட்டாள். வந்த ஞாயிற்றுக்கிழமையே சரோஜா அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மேஜையில் தட்டு வைத்தால் வேண்டாம் என்றாள். சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தைச் சாதத்தில் விட்டுப் பிசைந்து, சிந்தாமல் சாப்பிட்டாள். வசந்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னார்..." என்று ஜில் பேச்சை ஆரம்பித்தாள். பஸ் டிரைவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் அப்பாவைச் சொன்னாள். தமிழிலேயே, 'அப்பா'. அவரும் அப்படிக் கூப்பிட விட்டிருக்கிறார்!

அவள் சொன்ன கதை இது. ஆக்ராவில் எதையோ தின்று வயிறு கெட்டுப்போயிற்று. தோலுரித்துத் தின்னக்கூடியதைத் தவிர வேறெதையும் தொடாதே என்று கூட வந்த ஒருவன் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து வாழைப்பழமும் இளநீரும்தான், செலவும் குறைவு. காசியில் தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜிப்பா வாங்கினாள், நல்ல மஞ்சள் நிறம். மெட்ராஸ் ரயிலில் தூங்கும்போது செருப்பை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். புதுச் செருப்பு வாங்கினால் அன்றைய ஐந்து ஷில்லிங் காலி, ஆகவே வெறுங்காலோடு திருச்சி ஜங்ஷனில் இறங்கினாள்.

இறங்கின நாள் மாசிக் கடைசி ஞாயிறு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சமயபுரத்தில் பூச்சொரிதல். மக்களுக்காக அம்மனே அன்றைக்குப் பச்சைப் பட்டினி விரதம் ஆரம்பிக்கிறாள். அதிலிருந்து நாலு வாரத்துக்கு அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். எங்கள் பக்கத்துப் பெண்களிலும் சிலர் அம்மனோடு சேர்ந்து அப்படியே இருப்பார்கள்.

விசாரித்து விசாரித்து அப்பா வீட்டு வாசலுக்கு வந்து நின்றவளை எதிர்வீட்டுப் பாப்பம்மாள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். பாப்பம்மாள் யாரையும் பசியோடு நிற்கவிடமாட்டாள். தட்டில் சோறு கொண்டுவந்திருக்கிறாள். ஜில் கும்பிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டி, பையிலிருந்த வாழைப்பழத்தைக் காட்டியிருக்கிறாள்.

"மஞ்சத் துணி, வெறுங்காலு, சோறு வேண்டாங்குது," என்று பாப்பம்மாள் நிதானமாகப் பார்த்து, ஒரே கத்தாகக் கத்தினாளாம். "அய்யய்யோ, எல்லாரும் வாங்க! இது பச்சைப் பட்டினி இருக்குது! சீமையிலேருந்து ஆத்தாவுக்கு நடந்தே வந்திருக்குது!"

அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து இளநீர், ஒரு வீட்டிலிருந்து பானகம், ஒரு வீட்டிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு. விரதக்காரிக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று காலையில் மோர்ச் செம்போடு வரிசையாக நிற்பார்களாம். காசைக் கையால் தொடவிடவில்லை. தன் பயணத்திலேயே செலவில்லாத ஊர் திருச்சிதான் என்று ஜில் சத்தியம் செய்தாள். இந்த ஊரில் விருந்தாளிக்குச் சாதம் போடுகிற வழக்கமே கிடையாது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

சிரிப்பு அதோடு தீரவில்லை. வயிறு சரியானதும் அவளுக்குச் சோற்று வாசனை ஆளை இழுத்திருக்கிறது. தட்டைக் காட்டிச் சோறு கேட்டிருக்கிறாள். பாப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான் கண்ணு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, ஆத்தா பாத்துப்பா" என்று இன்னொரு இளநீரைச் சீவி நீட்டிவிட்டாளாம். சரோஜா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், வாயால்.

அப்புறம் அப்பா கதை வந்தது. வெள்ளைக்கார ஃபோர்மன்கள் காலத்தில் பொறுக்கின இங்கிலீஷ் அவரிடம் கொஞ்சம் உண்டு. அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாராம். என்னிடம் தமிழில் பேசாத மனிதர் அவளிடம் இங்கிலீஷில் பேசியிருக்கிறார். பாய்லர் வெடித்த கதை, அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை. பதினாறு வயசில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி தனுஷ்கோடி போய், சிலோன் கப்பலில் ஏறக் காசில்லாமல், மூன்று நாள் கரையில் உட்கார்ந்து கப்பலையே பார்த்துவிட்டுத் திரும்பிவந்த கதை. அப்பா கப்பலேற ஆசைப்பட்டாரா? இந்தச் சேதி எனக்கு யாரிடமிருந்து வருகிறது பாருங்கள்.

"என்னைச் சைக்கிளில் ஸ்ரீரங்கம் கூட்டிக்கொண்டு போனார்," என்றாள் ஜில்.

"உருட்டிக்கொண்டா?" என்று கேட்டேன்.

"இல்லையே, பின்னால் கேரியரில் உட்காரவைத்து ஓட்டினார். காவேரிப் பாலத்தில் நான் பயந்து கத்தினேன். பயப்படாதே, காலை மட்டும் அகட்டி வைத்துக்கொள் என்றார். அம்மா மண்டபப் படித்துறையில் குளித்தேன். வரும் வழியில் மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதியில் எனக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்தார்."

நான் எழுந்துபோய்க் கை கழுவினேன்.

5

கை கழுவிவிட்டு வந்தபோது ஜில் ஒரு காலைத் தூக்கி வசந்தியிடம் உள்ளங்காலைக் காட்டிக்கொண்டிருந்தாள். கொப்புளம் வெடித்து ஆறின தழும்பு. "இது உங்களுக்காக," என்று என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

தெரு என்ன நினைத்தாலும், அப்பாவுக்கு அவள் விரதக்காரி இல்லை என்று முதல் நாளே தெரியும். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாப்பம்மாளிடம் சொல்லவில்லை, அவர் யாரிடம்தான் எதைச் சொன்னார்? பங்குனி முடிந்து விரதமும் முடிந்து, ஜில்லுக்கு ஒருவழியாகச் சோறு கிடைத்து, சித்திரைத் தேர் நெருங்கினது. அப்போது ஒரு சாயங்காலம் அவரே கேட்டிருக்கிறார். என் பையனுக்காக அவன் அம்மா நேர்ந்துகொண்ட நடை ஒன்று பாக்கி. அவனால் வர முடியவில்லை. வீட்டு மனுஷர் யாராவது அவனுக்குப் பதிலாக நடக்கலாம். நீ நடக்கிறாயா?

வீட்டு மனுஷர்! ஜில் சந்தோஷமாகச் சரி என்றிருக்கிறாள். பாப்பம்மாள் தன் மஞ்சள் புடவையை அவளுக்குக் கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகிவிட்டாள். விடியும் முன் கிளம்பி, ஜங்ஷன் வழியாக, காவேரிப் பாலம் தாண்டி, திருவானைக்கோயில் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது வெயில் வந்துவிட்டது. தார் ரோடு இளகிக் கால் ஒட்டினது. அப்பாவும் செருப்பில்லாமல் கூடவே நடந்தார், குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. மோர்ப் பந்தலில் எல்லாம் "சீமைப் பொண்ணு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சந்நிதியில் அப்பா என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அவள் நெற்றியில் குங்குமத்தை அவரே வைத்துவிட்டார்.

"அப்பா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார்," என்றாள் ஜில். "வேண்டுதல் தீர்ந்தது. இனிமேல் அதற்காக நீங்கள் வரவேண்டாம்."

அவள் நல்ல செய்தி கொண்டுவந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் தாங்க்ஸ் சொன்னேன். வேறென்ன சொல்வது? அப்பாவுக்கு என்னைக் கூப்பிட இருந்தது ஒரே ஒரு வரி. அதை அவரே எடுத்துப்போட்டுவிட்டார். என்னை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். கேரியரில் உட்கார, கதை கேட்க, வெயிலில் நடக்க அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. இதைத்தான் நான் பல வாரம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு வெந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜில் சிரிக்கிற சத்தம் கேட்டால்கூட எரிச்சல்.

6

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். வசந்தி "போயிட்டு வரேம்ப்பா" என்று ஓடின அன்றைக்குச் சாயங்காலம் நான் வெடித்துவிட்டேன். "எங்கப்பாவையும் எடுத்துக்கிட்டா, எம் பொண்ணையும் எடுத்துக்கிட்டா, இன்னும் என்ன பாக்கி?" என்று கத்தினேன்.

சரோஜா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "இங்க பாருங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த வேண்டுதல் தீந்துட்டா உங்கப்பாவைப் பாக்கப் போறதுக்கு உங்களுக்கு வேற காரணமே கிடையாதா?"

"டிக்கெட் என்ன விலை தெரியுமா உனக்கு?"

"அந்தப் பொண்ணு என்ன, ராணி மாதிரி ஏரோப்ளேன்லயா போனா? அவ போன மாதிரி நீங்க போங்க. நானும் வசந்தியும் இங்க இருந்துக்கறோம்."

"வெறுங்கையோடயா? நாலு பேரு சிரிக்கமாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. உங்க சித்தப்பா ஷேவிங் செட் இல்லாம தாடி வளத்துக்கிட்டா இருக்காரு? போங்க, போயி அவகிட்ட அந்தப் பையைக் கேளுங்க."

கேட்டேன். அதைவிட வெட்கக்கேடு எனக்கு வேறில்லை. ஜில் துள்ளிக் குதித்து, பையைக் கொடுத்து, கூடவே ஆயிரம் யோசனையும் கொடுத்தாள். எங்கள் ஊருக்குப் போக எனக்கு அவள் வழி சொன்னாள்.

சம்பளமில்லா லீவு போட்டேன். அப்புறம் பாஸ்போர்ட் பாடு. அவளுடையதைக் காட்டினால் எல்லைக்கு எல்லை முத்திரை குத்தி வணக்கம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றேன். பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கம் எனக்கு நடக்கவில்லை. தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டார்கள். லால்குடி என்றேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒரு குமாஸ்தா கேட்டான். கடைசியில் ரயிலும் பஸ்ஸுமாக பாஸ்ரா, அங்கிருந்து பம்பாய்க்குக் கப்பலில் திறந்த மேல்தட்டிலேயே படுத்துக்கொண்டு போகிற மலிவு டிக்கெட் என்று முடிவாயிற்று.

லாரிக்குக் கைகாட்டிப் பார்த்தேன். அவள் கைகாட்டினால் லாரி நிற்கும். நாற்பது வயசில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கறுப்பாக ஒருவன் நின்று கைகாட்டினால் டிரைவரும் பதிலுக்குக் கைகாட்டிவிட்டுப் போகிறான். ஐந்து ஷில்லிங்கில் அவள் எப்படித்தான் இருந்தாளோ! ரொட்டியும் தக்காளியும் மூன்றாம் நாளே எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. இஸ்தான்புல்லில் ஒரு கடையில் சாதத்தைப் பார்த்ததும் இரண்டு நாள் காசை ஒரே வேளையில் தின்று தீர்த்தேன். பெஞ்சில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டது. கப்பல் மேல்தட்டில் மலையாளத்துக்காரர்கள் சிலர் கஞ்சி காய்ச்சினார்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எனக்கும் ஊற்றினார்கள். போதும்டா சாமி என்று பல தரம் ஆகிவிட்டது. அவளால் முடிந்தது எனக்கு முடியாமல் போய்விடுமா என்கிற வீம்புதான் என்னைப் பம்பாய் வரை தள்ளிக்கொண்டு வந்தது.

7

திருச்சி ஜங்ஷனில் இறங்கினபோது வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஒரு ஜட்கா வண்டிக்காரர் என் தாடியையும் முதுகு மூட்டையையும் பார்த்து, "ஸ்ரீரங்கந்தானுங்களே சாமி, ஏறுங்க" என்றார். இல்லைங்க என்று சொல்லிவிட்டு எடமலைப்பட்டி புதூருக்கு நடந்தேன். வருகிறேன் என்று அப்பாவுக்கு எழுதவில்லை. எழுதினால், வேண்டாம் என்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

அப்பா கொடியில் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"வா," என்றார்.

அப்புறம் என் முதுகைப் பார்த்தார். "இது ஜில்லோட பையாச்சே."

"ஆமாம்ப்பா."

எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வரலையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலும் பாலைவனமும் தாண்டி, பட்டினி கிடந்து, இத்தனை வருஷம் கழித்துப் பெற்ற பிள்ளை வந்து நிற்கிறேன், அவர் தேடுகிறது அவளை! பையைத் தரையில் போட்டேன்.

"வரலைப்பா. நான் மட்டுந்தான்."

"நல்லா இருக்குதா?"

"இருக்கா."

"சோறு திங்குதா?"

"திங்கறாப்பா, நல்லாத் திங்கறா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கிற வரை நின்றார். "எதுக்கு வந்தே? வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சே. சொல்லி அனுப்பினேனே."

"சொன்னா."

"ஆபீஸ் வேலையா?"

"இல்லைப்பா."

"சம்பந்தி வீட்டுல கல்யாணமா?"

"இல்லை."

"பின்னே, நிலம் ஏதாச்சும் பாக்கவா?"

"ஒண்ணுமில்லைப்பா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் செம்பை வாங்கிக் கீழே வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு, அந்த உச்சி வெயிலில் தெருவில் இறங்கினார். காப்பிக்குப் பால் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எங்கள் அப்பாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

"பாப்பம்மா! ஏ பாப்பம்மா! வெளியில வா! எம் பையன் வந்திருக்கான்!"

"அப்படிங்களா! என்னங்க விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. என்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்."

அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே கதவைத் தட்டிக் கூப்பிட்டுச் சொன்னார். "வேற வேலை ஒண்ணுமே இல்லீங்க. என்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்."